கைக்குழந்தையோடு டோக்கியோ வந்தவர்களுக்கு: குயாகுஷோ முதல் ஹொய்குஎன் வரை

நம் ஊரில் ஊசி போடும் நாள் நெருங்கினால் நர்ஸம்மாவே தெருவுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். டோக்கியோவில் யாரும் கூப்பிட மாட்டார்கள். தபால் பெட்டியில் ஓர் உறை விழும், அவ்வளவுதான். உள்ளே முழுக்க ஜப்பானிய எழுத்து. பிரித்துப் படித்தால் இலவசத் தடுப்பூசி, இலவசப் பரிசோதனை, மாதக் கணக்கில் உதவித்தொகை. பிரிக்காமல் போட்டால் அத்தனையும் கைநழுவிப் போகும். நான் வந்த புதிதில் ஒரு தடித்த உறையை ஏதோ விளம்பரம் என்று நினைத்து மூன்று வாரம் ஃபிரிட்ஜ் மேல் போட்டு வைத்திருந்தேன். அது என் மகளின் தடுப்பூசிச் சீட்டுக் கட்டு. இப்போதெல்லாம் வார்டு அலுவலகத்திலிருந்து உறை வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே பிரித்துவிடுகிறேன். செல்பேசி கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துத் தரும் செயலிகள் இருக்கின்றன. சுமாராகத்தான் தரும், ஆனால் தேதியும் இடமும் புரிந்துவிடும். நமக்கு அந்த இரண்டும் போதும்.

நான் இருப்பது எடோகாவா வார்டில், நிஷி-கசாய் ரயில் நிலையத்துக்குப் பக்கம். 2000-ஐ ஒட்டி கணினி வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் கூட்டமாகக் குடியேறிய இடம். அதனால் பூங்காவில் ஒரு தமிழ் அம்மாவைப் பிடித்து விசாரித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் அந்த வசதி இருக்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன். டோக்கியோவின் 23 வார்டுகளை மனதில் வைத்து எழுதியது. வேறு மாகாணத்தில் இருப்பவர்களுக்கு முறை ஏறக்குறைய இதேதான், தொகைகளும் சலுகைகளும் மாறும்.

முதல் 14 நாள்: குயாகுஷோ

குயாகுஷோ என்றால் வார்டு அலுவலகம். வீட்டு முகவரி உறுதியான 14 நாளுக்குள் அங்கே போய்க் குடியிருப்பைப் பதிய வேண்டும். குடும்பத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் வசிப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், இரண்டுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, இவற்றையும் எடுத்துப் போங்கள். இவை இல்லாமல் மனைவி, மகள் என்ற உறவு பதிவேட்டில் ஏறுவது இழுபறியாகும். சான்றிதழ்களை ஊரிலேயே பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, பெட்டி கப்பலில் வருகிறது என்று நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைப்பையில் வையுங்கள்.

பதிவு முடிந்தது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அதே நாளில், அதே கட்டடத்தில் குழந்தை நலப் பிரிவின் ஜன்னலுக்கும் போக வேண்டும். அங்கே இரண்டு வேலை.

ஒன்று ஜிதோ தெஆதே, அதாவது குழந்தை உதவித்தொகை. 2024 அக்டோபரிலிருந்து இதற்கு வருமான வரம்பு கிடையாது. மூன்று வயது வரை மாதம் 15,000 யென், அதற்குமேல் உயர்நிலைப் பள்ளி வயது வரை 10,000 யென், மூன்றாவது குழந்தை முதல் 30,000 யென். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, இரட்டைப்படை மாதங்களில், வங்கிக் கணக்கில் விழும். விண்ணப்பம் பெற்றோரில் அதிகம் சம்பாதிப்பவர் பெயரில் போக வேண்டும். குடிவந்த அல்லது குழந்தை பிறந்த 15 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் போன மாதத்துப் பணம் போனதுதான், பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள். குழந்தை ஊரில் பாட்டி வீட்டில் இருந்தால் இது கிடையாது, குழந்தை ஜப்பானில் வசிக்க வேண்டும். இது போக, டோக்கியோ மாநகர அரசு தனியாகக் குழந்தைக்கு மாதம் 5,000 யென் தருகிறது. அதன் பெயர் 018 சப்போர்ட். அதற்குத் தனி விண்ணப்பம், இணையத்திலேயே போடலாம். பலர் இரண்டும் ஒன்று என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று மருத்துவச் சலுகைச் சீட்டு. பள்ளி செல்லும் வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குச் சுகாதாரக் காப்பீடு போக 20 சதவீதத்தை நாம் கட்ட வேண்டும். அந்த 20 சதவீதத்தையும் வார்டே ஏற்றுக்கொள்வதற்கான சீட்டு இது. வட்டத்துக்குள் ஓர் எழுத்து அச்சிட்டிருக்கும், மரு-ந்யூ என்பார்கள். கிளினிக்கில் காப்பீட்டு விவரம் உள்ள மை நம்பர் கார்டு என்ற அரசு அடையாள அட்டையோடு (அது இன்னும் கைக்கு வரவில்லை என்றால் காப்பீட்டுத் தகுதிச் சான்றோடு) இதையும் நீட்டினால் பணம் கேட்க மாட்டார்கள். மருந்துக் கடையிலும் அப்படியே. டோக்கியோவைத் தாண்டி ஊர் சுற்றப் போன இடத்தில் காய்ச்சல் வந்தால் அங்கே பணம் கட்டி, ரசீதை வைத்து வார்டில் திரும்ப வாங்கலாம். ரசீதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஜப்பானிய மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். 'யசாஷீ நிஹோங்கோ தே ஒனெகாய் ஷிமாஸ்' என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எளிய ஜப்பானிய மொழியில் சொல்லுங்கள் என்று அர்த்தம். சொன்னதும் பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பார்கள். சிலர் படம் வரைந்தே காட்டுவார்கள்.

போஷி தெச்சோ

தாய்-சேய் நலக் கையேடு. நம் ஊரின் தாய் சேய் நல அட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, 20 வயதுவரை பத்திரப்படுத்தச் சொன்னால் எப்படியோ அப்படி. 1948 முதல் இந்த வடிவில் தருகிறார்கள். இங்கே கருத்தரித்தால், கர்ப்பத்தை வார்டில் தெரிவித்தவுடன் கையேட்டோடு 14 கர்ப்பகாலப் பரிசோதனைச் சீட்டுகளும் வரும். ஊரில் பிறந்த குழந்தைக்கும் கேட்டால் தருவார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம். பல மொழிகளில் ஜப்பானிய மொழியோடு சேர்த்து அச்சிட்ட பதிப்புகள் உண்டு. தமிழில் இல்லை. ஆங்கில-ஜப்பானியப் பதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள், டாக்டரும் படிக்கலாம், நாமும் படிக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த பக்கம் மலத்தின் நிற அட்டை. வெளுத்த மஞ்சளிலிருந்து கரும்பச்சை வரை ஏழு நிறங்கள், எண் போட்டு. குழந்தையின் டயப்பரை அட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1, 2, 3 போல வெளுத்திருந்தால் பித்தநாள அடைப்பாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். 2012 முதல் எல்லாக் கையேட்டிலும் இது இருக்கிறது. முதலில் சிரிப்பாக இருந்தது. அப்புறம் யோசித்தால், 'கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கு' என்று டாக்டரிடம் சொல்வதைவிட 'மூன்றாம் எண்' என்று சொல்வது எவ்வளவு தெளிவு!

குழந்தை இங்கேயே பிறந்தால் தேதிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிறப்பை 14 நாளுக்குள் வார்டில் பதிய வேண்டும். 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் குழந்தைக்கு விசா நிலை கேட்க வேண்டும். இந்தியத் தூதரகத்தில் பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். பிரசவத்துக்குக் காப்பீட்டிலிருந்து 5 லட்சம் யென் வரும், பெரும்பாலும் நேரே ஆஸ்பத்திரிக்கே போய்விடும். கையேட்டோடு வரும் பிறப்பு அறிவிப்பு அஞ்சலட்டையை நிரப்பி அனுப்பினால், நான்கு மாதத்துக்குள் ஒரு செவிலியரோ மருத்துவச்சியோ வீட்டுக்கே வருவார். தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து குழந்தையை எடை போட்டுவிட்டு, அம்மா தூங்குகிறாரா, அழுகிறாரா என்று கேட்பார். வீடு கலைந்து கிடக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

தடுப்பூசி: ஊர்க் கணக்கும் இங்கத்திய கணக்கும்

இது கொஞ்சம் குழப்பமான இடம். நம் ஊரில் பிறந்தவுடன் பிசிஜி, பிறகு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரம் என்று போகும். இங்கே இரண்டாவது மாதத்தில்தான் தொடக்கம். பிசிஜி ஐந்து முதல் எட்டு மாதத்துக்குள். அதுவும் ஒற்றை ஊசி அல்ல, ஒன்பது குட்டி ஊசிகள் கொண்ட முத்திரையை இரண்டு முறை அழுத்துவார்கள். தோளில் பதினெட்டுப் புள்ளி. ஊரில் போட்ட ஒற்றைத் தழும்பைப் பார்த்து இங்கே டாக்டர் 'இது என்ன?' என்று கேட்டால் பிசிஜி என்று சொல்லுங்கள், அட்டையைக் காட்டுங்கள்.

ஊரில் ஒன்பதாவது மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் அப்படித்தான். இங்கே முதல் டோஸ் ஒரு வயது முடிந்த பிறகே. அதனால் ஊரில் ஒரு டோஸ் போட்டாயிற்று என்று நீங்களே கழித்துவிடாமல் டாக்டரைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

வழிமுறை இது. ஊர்த் தடுப்பூசி அட்டையை எடுத்து, ஒவ்வொரு ஊசியின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் தெளிவாக எழுதுங்கள். வார்டின் சுகாதார மையத்துக்கு எடுத்துப் போங்கள். எடோகாவாவில் இதை ஹெல்த் சப்போர்ட் சென்டர் என்கிற பெயரில் தேட வேண்டும், மற்ற இடங்களில் பொதுவாக ஹொகென் சென்டர். மீதமுள்ள ஊசிகளுக்கு யோஷின்ஹ்யோ என்ற கேள்வித்தாள் சீட்டுகளைத் தருவார்கள். அந்தச் சீட்டு இருந்தால்தான் ஊசி இலவசம். அதில் வார்டின் பெயர் இருக்கும், வேறு வார்டுக்குக் குடிபோனால் செல்லாது. பிறகு பக்கத்தில் உள்ள குழந்தை மருத்துவரிடம் நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். கிளம்புமுன் காய்ச்சல் பாருங்கள். 37.5 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் ஊசி போட மாட்டார்கள். இந்த 37.5 என்ற எண் இனி உங்கள் வாழ்க்கையில் அடிக்கடி வரும்.

ஒன்றரை வயதுப் பரிசோதனையும் வான்-வான் நாயும்

மூன்று-நான்கு மாதம், ஒன்றரை வயது, மூன்று வயது ஆகிய மூன்றுக்கும் வார்டு அழைப்பு அனுப்பும். இடையில் ஆறு-ஏழு மாதத்துக்கும் ஒன்பது-பத்து மாதத்துக்கும் கிளினிக்கில் பார்த்துக்கொள்ள டோக்கியோவில் சீட்டு உண்டு. எதற்கும் கட்டணம் இல்லை. எடை, உயரம், பல், டாக்டர், கடைசியில் ஹொகென்ஷி எனும் பொதுச் சுகாதாரச் செவிலியரோடு பேச்சு. வரிசையாக நகர்த்திக்கொண்டே போவார்கள். அழுகிற குழந்தைகளும் அவிழ்த்த உடுப்புகளுமாக ஒரு திருவிழாதான்.

ஒன்றரை வயதில் படம் போட்ட அட்டையை நீட்டி, 'வான்-வான் எது?' என்று கேட்பார்கள். நாயை இங்கே குழந்தை மொழியில் அப்படிச் சொல்வார்கள். என் மகள் அட்டையைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அசையவில்லை. அவர் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு வயிறு கலங்கியது. 'பாப்பா, பௌ பௌ எங்கே?' என்று நான் கேட்டதும் விரல் நேரே நாய் மேல் போனது. அந்த அம்மாவும் சிரித்து, குறித்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அதனால் போகும்முன் குழந்தை சொல்லும் தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஜப்பானிய அர்த்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். தண்ணி, பால், தா, வேணாம், பௌ பௌ என்று எதுவானாலும் சொல் சொல்தான். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சு தாமதம் என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் சில மாதம் கழித்து ஃபோன் செய்வார்கள், குழந்தைகள் சேர்ந்து விளையாடும் வகுப்புக்கு வரச் சொல்வார்கள். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தச் செலவும் இல்லாமல் நிபுணர் ஒருவர் குழந்தையைப் பார்க்கிறார், போய் வாருங்கள்.

மூன்று வயதுக்கு முன்வேலை வீட்டிலேயே இருக்கும். உறையில் கண் சோதனைக்கான வளைய அட்டை, காதுக்குக் கிசுகிசுத்துக் கேட்கும் படங்கள், சிறுநீருக்கு ஒரு குப்பி. முந்தின இரவு பிரித்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு வாரம் முன்பே பிரியுங்கள்.

ஹொய்குஎன்: விண்ணப்பம் குழந்தைக்கு, மதிப்பெண் பெற்றோருக்கு

பால்வாடி மாதிரி பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் விடலாம் என்று நினைத்து வருபவர்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. யோச்சிஎன் என்பது மூன்று வயதுக்கு மேல், மதியம் இரண்டு மணியளவில் முடிகிற மழலையர் பள்ளி. அதில் யாரும் சேரலாம். ஹொய்குஎன் பகல்நேரக் காப்பகம், கைக்குழந்தையிலிருந்து எடுப்பார்கள். ஆனால் பெற்றோர் இருவருக்கும் வேலை, படிப்பு, நோய் என்று குழந்தையைப் பார்க்க முடியாத காரணம் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தது கொதோமோஎன்.

அரசு அங்கீகாரம் பெற்ற ஹொய்குஎன்னுக்கு விண்ணப்பத்தை அந்த இடத்தில் கொடுக்கக் கூடாது, வார்டில்தான் கொடுக்க வேண்டும். பெற்றோரின் வேலை நேரத்தையும் குடும்ப நிலையையும் பார்த்து வார்டு மதிப்பெண் போடும். இருவரும் முழுநேர வேலை என்றால் மேலே. வேலை தேடுகிறேன் என்றால் கீழே, அதற்கும் காலக்கெடு உண்டு. முதல் வந்தவருக்கு முதல் இடம் என்ற பேச்சே இல்லை.

சார்ந்தோர் விசாவில் வந்திருக்கும் அம்மாக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விசாவில், அனுமதி வாங்கினாலும் வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நான்கு வாரத்துக்கு 112 மணி. ஹொய்குஎன்னில் குழந்தையை நாளுக்கு 11 மணி நேரம் வரை விடும் வகைக்கு மாதம் 120 மணி வேலை கேட்பது வழக்கம். ஆகவே பெரும்பாலும் உங்களுக்கு 8 மணி நேர வகைதான் வரும், மதிப்பெண்ணும் குறையும். வேலை முதலில் கிடைக்குமா, இடம் முதலில் கிடைக்குமா என்று கோழி-முட்டைக் கதையாகத்தான் இருக்கும். நான் ஓர் அங்கீகாரமில்லாத காப்பகத்தில் காசு கொடுத்துச் சேர்த்து, வேலையைத் தொடங்கி, அந்த மதிப்பெண்ணோடு மறுபடி விண்ணப்பித்தேன். சம்பளத்தில் பாதி அதற்கே போனது, ஆனால் அடுத்த ஏப்ரலில் இடம் கிடைத்தது.

ஏப்ரல்தான் எல்லாம். பள்ளியாண்டு அப்போது தொடங்குவதால் பெரும்பாலான இடங்கள் அந்த மாதத்தில்தான் திறக்கும். அதற்கான விண்ணப்பம் முந்தைய வருட அக்டோபர் முதல் டிசம்பருக்குள். முடிவு ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில். மற்ற மாதங்களிலும் சேர்க்கை உண்டு, காலி இடம் இருந்தால். வகுப்பு, ஏப்ரல் 1 அன்று உள்ள வயதை வைத்து. ஏப்ரல் 1-ல் பிறந்த குழந்தை மூத்த வகுப்புக்குப் போகும், 2-ல் பிறந்தது இளைய வகுப்புக்கு. 2017-ல் நாடு முழுவதும் 26,081 குழந்தைகள் இடமில்லாமல் காத்திருந்தார்கள். 2024-ல் அது 2,567. நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு வயது வகுப்பில் இடம் வேண்டும் என்றால் இன்றைக்கும் போட்டிதான்.

செய்ய வேண்டியவை: கோடையிலேயே ஃபோன் செய்து நேரம் கேட்டு நான்கைந்து இடங்களைப் போய்ப் பாருங்கள். அப்பா, அம்மா இருவரின் கம்பெனிகளிடமும் வேலைச் சான்று கேளுங்கள். வார்டின் படிவத்திலேயே கம்பெனி நிரப்பித் தர வேண்டும், இரண்டு வாரம் ஆகும். போன வருடம் ஊரில் இருந்தீர்கள் என்றால் இங்கே வரிக் கணக்கு இருக்காது. அதற்குப் பதில் வெளிநாட்டு வருமானத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், ஊர்க் கம்பெனியின் சம்பளச் சான்றை வரும்போதே வாங்கி வந்துவிடுங்கள். விருப்பப் பட்டியலில் இரண்டு மூன்று இடம் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நடந்து போகக்கூடிய எல்லாவற்றையும் எழுதுங்கள். இடமில்லை என்று கடிதம் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை வளர்ப்பு விடுப்பை நீட்டிக்க அந்தக் கடிதம் தேவைப்படும்.

கட்டணம் பற்றிய பயம் இப்போது வேண்டாம். மூன்று முதல் ஐந்து வயது வகுப்புகளுக்கு 2019 அக்டோபரிலிருந்து நாடு முழுவதும் கட்டணம் இல்லை, சாப்பாட்டுச் செலவு மட்டும் இருக்கலாம். அதற்குக் கீழ் உள்ள வயதுக்கு மற்ற ஊர்களில் வருமானத்தைப் பொறுத்தது. டோக்கியோவில் 2025 செப்டம்பரிலிருந்து முதல் குழந்தைக்கும் அந்தக் கட்டணம் இல்லை.

சேர்ந்த பிறகு

முதல் ஒன்றிரண்டு வாரம் நராஷி ஹொய்கு, பழக்கும் காலம். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்து இரண்டு, பிறகு மதியச் சாப்பாடு வரை. வேலையை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டும். டயப்பர் கேட்டால் ஒவ்வொரு டயப்பரிலும்! ஜப்பானிய ஹிராகனா எழுத்தில் பெயர் முத்திரை செய்து வாங்கிக்கொண்டால் கை தப்பிக்கும்.

அரைஞாண் கயிறு, கொலுசு, வளையல், கம்மல் ஆகியவற்றைக் கழற்றச் சொல்வார்கள். மற்ற குழந்தை பிடித்து இழுக்கும், வாயில் போடும் என்ற பயம்தான். கயிறு எதற்கு என்று விளக்கிவிட்டு, பகலில் கழற்றி மாலையில் கட்டிக்கொள்கிற வீடுகளும் உண்டு. ஊருக்குப் போய் மொட்டை போட்டு வந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், டீச்சர் பயந்துவிடுவார்.

சைவக் குடும்பங்களுக்கு: காய்கறிக் குழம்பு என்று பட்டியலில் இருந்தாலும் அடிச்சாறு மீனிலிருந்து எடுத்ததாக இருக்கும். பேரே தாஷி. 'மீன், இறைச்சி சாப்பிட மாட்டோம்' என்றால் மட்டும் போதாது, தாஷியும் கூடாதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒவ்வாமைக்கு டாக்டரின் படிவம் உண்டு, அதை வைத்து நீக்கிவிடுவார்கள். பழக்கவழக்கத்துக்காக என்றால் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் டப்பா கட்டித் தரச் சொல்வார்கள்.

37.5 தாண்டினால் ஃபோன் வரும், வந்து அழைத்துப் போக வேண்டும். முதல் குளிர்காலத்தில் மாதம் நாலு தடவை வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அதற்காகவே ப்யோஜி ஹொய்கு என்று நோயுற்ற குழந்தைகளுக்கான காப்பகம் இருக்கிறது. முன்கூட்டிப் பெயர் பதிந்திருந்தால்தான் எடுப்பார்கள். குழந்தை நன்றாக இருக்கும்போதே பதிந்து வையுங்கள்.

இடம் கிடைக்கும்வரை வீட்டில் அடைந்து கிடக்க வேண்டாம். மணிக் கணக்கில் விடும் இச்சிஜி ஹொய்கு உண்டு. எடோகாவாவில் தங்கள் வீட்டிலேயே கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹொய்குமாமாக்கள் உண்டு. ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள், எங்கும் சேராத குழந்தையை அம்மா வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் மாதம் 10 மணி நேரம் வரை விடும் திட்டம் 2026 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதற்கும். மாதம் பத்து மணி என்பது கொஞ்சம்தான். ஆனால் ஒரு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கும் ஒரு முடிவெட்டுக்கும் போதும்.

இரவில் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று புரியவில்லை என்றால் #8000-க்கு அழையுங்கள், குழந்தை மருத்துவம் தெரிந்த செவிலியர் சொல்வார். வலிப்பு, மூச்சுத் திணறல் என்றால் யோசிக்காமல் 119.

வீடு மாற்றினால், அடுத்த தெருவே ஆனாலும் வார்டு எல்லை தாண்டினால் மரு-ந்யூ சீட்டு, ஊசிச் சீட்டு, உதவித்தொகை, ஹொய்குஎன் வரிசை என்று எல்லாம் பழைய வார்டோடு முடிந்துவிடும். புது குயாகுஷோவில் மறுபடி முதலிலிருந்து. வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் வரைபடத்தில் எல்லைக்கோடு எங்கே போகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.